தொப்புள்கொடி ரத்தத்தில் ஹார்மோன் பார்த்தால் குழந்தையின் வளர்ச்சி தெரிந்துவிடுமா? குடியாத்தம் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி கேட்ட தம்பி குடியாத்தம் பக்கம். மனைவிக்கு வேலூரில் பிரசவம் ஆகி இன்றோடு நான்கு நாள். பெண் குழந்தை, 38 வாரம், 2.4 கிலோ. ஏழாம் மாதத்தில் சுகர் கொஞ்சம் ஏறி, சாப்பாட்டுக் கட்டுப்பாட்டிலேயே அடங்கியிருக்கிறது. பிறந்தவுடன் எடுத்த கொடி ரத்தத்தில் தைராய்டு டிஎஸ்எச் 27 என்று சீட்டு வந்திருக்கிறது. கூடவே ஓர் ஆராய்ச்சிக்கு என்று கையெழுத்து வாங்கி, அதே ரத்தத்தில் இன்சுலின், லெப்டின், ஐஜிஎஃப் எல்லாம் பார்க்கப்போவதாகச் சொன்னார்களாம். அவர் கேட்பது இரண்டு. 27க்குப் பயப்பட வேண்டுமா? இந்த ஹார்மோன்களை வைத்துக் குழந்தை எப்படி வளரும் என்று இப்போதே சொல்லிவிட முடியுமா? இரண்டாவது கேள்விக்குக் காரணம், அதே வாரம் அவர் அண்ணன் வீட்டில் பிறந்த பையன் 3.4 கிலோ, வீட்டுப் பெரியவர்கள் ஒப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

நான் டாக்டர் இல்லை, தம்பி. வேலூரில் ஆஸ்பத்திரி லேப்களில் இருபத்தாறு வருஷம் பயோகெமிஸ்ட்ரி பக்கம் இருந்தவள், அதில் பாதிக் காலம் பிறந்த குழந்தைகளின் ரத்தத்தோடுதான் போனது. மருந்து எழுதித் தர என்னால் ஆகாது. ஆனால் அந்தச் சீட்டில் இருக்கும் எண் எங்கிருந்து வருகிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று சொல்ல முடியும். கொஞ்சம் நீளமாகப் போகும், டீ போட்டு வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் அந்த 27. நீங்கள் கேட்டதில் உடனே கிளம்பிப் போக வேண்டிய விஷயம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் நிதானமாகப் பேசலாம். டிஎஸ்எச் தைராய்டு சுரக்கிற சரக்கு இல்லை, தைராய்டை வேலை வாங்கும் மேஸ்திரி. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி அதை அனுப்புகிறது. கழுத்தில் இருக்கும் சுரப்பி மந்தமாக இருந்தால் மேஸ்திரி சத்தத்தைக் கூட்டுவார், டிஎஸ்எச் ஏறும். கொடி ரத்தத்தில் 20ஐத் தாண்டினால் குழந்தையைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பது என்று நம் நாட்டில் பரவலாக எல்லை வைத்திருக்கிறார்கள். அப்படிக் கூப்பிட்டு, குழந்தையின் நரம்பிலிருந்து ரத்தம் எடுத்து, டிஎஸ்எச்சோடு, தைராய்டு சுரக்கிற தைராக்சின் என்ற டி4ஐயும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மூன்று நாள் கழிந்த பிறகு எடுப்பது நல்லது. உங்களுக்கு நான்கு நாள் ஆகிவிட்டது, ஆகவே நாளைக்குக் காலையிலேயே போகலாம்.

ஏன் மூன்று நாள் என்று கேட்பீர்கள். வயிற்றுக்குள் வெதுவெதுப்பில் மிதந்துகொண்டிருந்த குழந்தைக்கு வெளியே வந்த உடனே குளிர். நமக்கு வேலூர் வெயிலில் வேர்த்து ஊற்றும், ஈரத்தோடு பிறந்த குழந்தைக்கு அதே அறை குளிர்கிறது. அந்த அதிர்ச்சியில் பிட்யூட்டரி டிஎஸ்எச்சை அள்ளிக் கொட்டும், அரை மணி ஒரு மணி நேரத்தில் 60, 80 வரைகூடப் போகும், பிறகு இரண்டு மூன்று நாளில் மெல்ல இறங்கும். அந்த நேரத்தில் எடுத்தால் எந்தக் குழந்தைக்கும் நோய் இருப்பது போலத்தான் தெரியும். டிஎஸ்எச் இப்படிப் பொங்கி ஏறுவதற்கு முன்பே எடுக்கப்படுவதால் கொடி ரத்தம் தப்பித்துக்கொள்கிறது. இரண்டாம் நாளே வீட்டுக்குப் போய்விடும் நம்மூர்த் தாய்மார்களை மறுபடி குதிகாலில் குத்த வரச் சொன்னால் எத்தனை பேர் வருவார்கள்? அதனால்தான் இங்கே பல இடங்களில் கொடி ரத்தத்தையே பிடித்துக்கொள்கிறார்கள்.

27 என்றால் நோய் உறுதி என்று நினைத்துவிடாதீர்கள். பிரசவம் இழுத்தடித்திருந்தாலும், தாய்க்கு அயோடின் கலந்த கிருமிநாசினி தடவியிருந்தாலும், தாய் தைராய்டு அதிகமாகச் சுரப்பதை அடக்கும் மாத்திரை சாப்பிட்டிருந்தாலும் குழந்தைக்கு இது ஏறலாம். திரும்பக் கூப்பிடுகிற குழந்தைகளில் பெரும்பாலானவை மறு பரிசோதனையில் சரியாகவே இருக்கும், நானே எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம் நாட்டில் சுமார் ஆயிரத்தில் ஒரு குழந்தைக்குத்தான் உண்மையாகவே தைராய்டு குறைபாடு. ஆனால் அந்த ஒன்று பிறக்கும்போது எந்த அடையாளமும் காட்டாது, எடை நீளம் எல்லாம் ஒழுங்காக இருக்கும், ஏனென்றால் தாயின் தைராக்சின் கொஞ்சம் கடந்து வந்து ஒன்பது மாதம் தாங்கிப் பிடித்திருக்கும். வீட்டில் "தங்கமான பிள்ளை, அழவே அழாது, பாலுக்குக்கூட எழுப்பணும்" என்று ஆயா பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பார். மஞ்சள் வாரக்கணக்கில் இறங்காது, மலம் இறுகும், தொப்புள் பிதுங்கும். இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிறபோது மூளை இழக்க வேண்டியதை இழந்திருக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் தைராக்சின் மாத்திரை தொடங்கிவிட்டால் குழந்தை மற்றவர்களைப் போலவே படிக்கும், வளரும். மாத்திரையைப் பொடித்து இரண்டு சொட்டுத் தாய்ப்பாலில் குழைத்துக் கொடுத்தால் போதும். இரும்புச் சத்து, கால்சியம் சொட்டு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இவ்வளவு மலிவான மாத்திரை ஒரு வாழ்க்கையைக் காப்பாற்றுவது மருத்துவத்திலேயே அபூர்வம், அதனால்தான் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அவசரப்படுத்துகிறேன்.

சரி, இனி வளர்ச்சி.

கொடியை நீங்கள் கிட்டே பார்த்திருக்க மாட்டீர்கள். கிட்டத்தட்ட அரை மீட்டர் நீளம், வெளுத்த நீலம், கயிறு முறுக்கினாற்போல் முறுக்கு, கையில் பிடித்தால் நுங்குபோல் வழுக்கும். உள்ளே மூன்று குழாய்கள். ஒன்று அகலமான சிரை, நஞ்சுக்கொடியிலிருந்து சத்தும் ஆக்சிஜனும் குழந்தைக்குப் போகிற வழி. மற்ற இரண்டும் ஒல்லியான தமனிகள், குழந்தையிடமிருந்து திரும்பி வருகிறவை. குழந்தையைத் தனியாக எடுத்த பிறகு, நஞ்சுக்கொடி பக்கம் மிச்சமிருக்கும் துண்டை பஞ்சால் நன்றாகத் துடைத்து, தாயின் ரத்தம் கலக்காமல் பார்த்துக்கொண்டு, அந்த அகலமான சிரையில் ஊசியைச் செருகி மெதுவாக இழுக்க வேண்டும். நிறைய பேர் இதைத் தாயின் ரத்தம் என்று நினைக்கிறார்கள். இல்லை, முழுக்க முழுக்கக் குழந்தையின் ரத்தம். குழந்தைக்கும் வலி இல்லை, தாய்க்கும் வலி இல்லை.

மெதுவாக இழுக்க வேண்டும் என்றேனே, அதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த இடத்தில், பெயர் வேண்டாம், கொடி ரத்தத்தில் இன்சுலின் பார்க்கும் வேலை ஒன்று வந்தது. அக்னி நட்சத்திரம், ராத்திரியெல்லாம் கரண்ட் போய்ப் போய் வந்தது. லேபர் வார்டில் எடுத்த டியூப்களை ஐஸில் வைக்காமல் ஒரு தட்டில் போட்டு மேஜை மேலேயே விட்டுவிட்டார்கள், காலையில்தான் எங்களிடம் வந்தது. சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி எடுத்தால் மேலே நிற்கும் சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்க வேண்டும், இதுவோ ரோஸ்மில்க்கில் தண்ணீர் ஊற்றினாற்போல் இருந்தது. சிவப்பணு உடைந்துவிட்டது என்று அர்த்தம், ஊசியில் வேகமாக இழுத்தாலும் இப்படித்தான் உடையும். சிவப்பணுவுக்குள் இன்சுலினைத் தின்கிற ஒரு நொதி உண்டு, அணு உடைந்தால் அது வெளியே வந்து இருக்கிற இன்சுலினைக் கரைத்துவிடும். மிஷின் பாட்டுக்கு இன்சுலின் குறைவு, குறைவு, குறைவு என்று அச்சடித்தது. எங்கள் சீனியர் மட்டும் நிறத்தைப் பார்த்து அந்தக் கட்டு முழுவதையும் குப்பையில் போடச் சொன்னார். அவர் அன்றைக்கு லீவாக இருந்திருந்தால் அத்தனை குழந்தைகளும் இன்சுலின் குறைந்த குழந்தைகளாக ஏதோ ஒரு கட்டுரையில் ஏறியிருக்கும். அதிலிருந்து எந்த எண்ணைப் பார்த்தாலும், ரத்தம் எப்போது எடுத்தார்கள், எவ்வளவு நேரம் வெளியே கிடந்தது என்று கேட்காமல் நான் நம்புவதில்லை.

இன்சுலினுக்கே வருவோம், ஏனென்றால் வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு வளர்ச்சியை நடத்துவதில் பெரிய கை அதுதான். க்ரோத் ஹார்மோன் என்று பெயர் வைத்திருக்கிறார்களே, அதுதானே என்று கேட்பீர்கள். கொடி ரத்தத்தில் க்ரோத் ஹார்மோன் ஏராளமாக இருக்கும், பெரியவர்களைவிட அதிகம், ஆனால் அதைக் கேட்டுக்கொள்ளும் ஏற்பிகள் கருவின் ஈரலில் அப்போது குறைவு. க்ரோத் ஹார்மோன் இல்லாமலே பிறக்கும் குழந்தைகள்கூடப் பிறக்கும்போது ஏறக்குறைய சரியான நீளத்தில்தான் பிறக்கிறார்கள், குட்டையாவது பிறகுதான். வயிற்றுக்குள் ஆட்சி இன்சுலினும், இன்சுலினைப் போன்ற வளர்ச்சிக் காரணிகள் எனப்படும் ஐஜிஎஃப்-1, ஐஜிஎஃப்-2 ஆகியவையும்.

தாயின் சர்க்கரை நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகும். தாயின் இன்சுலின் தாண்டாது. இந்த ஒரு வரி புரிந்தால் பாதி விஷயம் புரிந்த மாதிரி. தாய்க்குச் சர்க்கரை கூடினால் குழந்தைக்கும் கூடும், அதைச் சமாளிக்கக் குழந்தையின் கணையம் தன் சொந்த இன்சுலினைக் கூட்டிச் சுரக்கும், அந்த இன்சுலின் வருகிற சர்க்கரையையெல்லாம் கொழுப்பாகவும் சதையாகவும் அடுக்கிவைக்கும். டென்மார்க்கைச் சேர்ந்த யோர்கன் பெடர்சன் என்கிற டாக்டர் 1950களிலேயே இதைச் சொல்லிவிட்டார். அதைப் பெரிய அளவில் சோதித்தது 2008இல் வெளிவந்த ஹேப்போ ஆய்வு. 9 நாடுகளில் 15 மையங்கள், 23,000க்கும் மேல் கர்ப்பிணிகள். அவர்கள் கொடி ரத்தத்தில் இன்சுலினை நேரடியாகப் பார்க்கவில்லை, சி-பெப்டைடு பார்த்தார்கள். இன்சுலின் உருவாகும்போது கூடவே கழன்று விழும் துண்டு அது, ஒரு இன்சுலினுக்கு ஒரு சி-பெப்டைடு, சிவப்பணு உடைந்தாலும் அது அவ்வளவாகக் கெடாது. என் ரோஸ்மில்க் கதை அவர்களுக்கும் எங்கோ நடந்திருக்கும் போலிருக்கிறது! தாயின் சர்க்கரை ஏற ஏற, சர்க்கரை நோய் என்று பெயர் வைக்கும் அளவுக்குக் கீழே இருந்தாலும்கூட, கொடியின் சி-பெப்டைடும் குழந்தையின் எடையும் படிப்படியாக ஏறியது. இந்த இடம்வரை பத்திரம், இதற்கு மேலே ஆபத்து என்று பட்டென்று ஒரு கோடு கிடைக்கவில்லை.

உங்கள் மனைவிக்கு 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்திருப்பார்களே, 140ஐத் தொட்டால் கர்ப்ப கால சர்க்கரை என்று சொல்வார்களே, அந்த எளிய முறையை இங்கே பரப்பியதில் சென்னை டாக்டர் வி. சேஷய்யாவுக்குப் பெரிய பங்கு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் அதைச் செய்வதில் தமிழ்நாடு முந்திக்கொண்டது. உங்கள் வீட்டில் அது சாப்பாட்டிலேயே அடங்கியது நல்ல செய்தி. அடங்காமல் இருந்திருந்தால், கொடியை வெட்டியவுடன் சர்க்கரை வரத்து நின்றுபோகும், ஆனால் குழந்தையின் இன்சுலின் உடனே குறையாது, முதல் ஒன்றிரண்டு மணி நேரத்தில் குழந்தைக்குச் சர்க்கரை சரேலென்று இறங்கும். பிறந்த அன்று குழந்தையின் குதிகாலில் குத்திக் குத்திச் சுகர் பார்த்தார்கள் என்று எழுதியிருந்தீர்களே, அது இதற்குத்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஐஜிஎஃப்-1 பற்றிச் சுருக்கமாக. எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளின் கொடி ரத்தத்தில் இது குறைவாகவும், பெரிய குழந்தைகளுக்கு அதிகமாகவும் இருக்கும். எலியில் இந்த மரபணுவை எடுத்துவிட்டால் குட்டி சாதாரண எடையில் சுமார் அறுபது சதவீதம்தான் தேறுகிறது. மனிதரிலும், ஐஜிஎஃப்-1 மரபணுவே பழுதான ஒரு பையன் மாதம் நிறைந்தும் 1.4 கிலோவில் பிறந்ததாக 1996இல் பதிவு இருக்கிறது. ஆனால் கவனியுங்கள், ஐஜிஎஃப் சாப்பாட்டைப் பார்த்துத்தான் சுரக்கும். நஞ்சுக்கொடி வழியாகச் சத்துக் குறைவாக வந்தால் அதுவும் குறையும். ஆகவே ஐஜிஎஃப் குறைவு என்று வந்தால் குழந்தையின் உடம்பில் ஏதோ பழுது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் வரத்துக் குறைந்ததால் செலவைக் குறைத்துக்கொண்ட குடும்பத்தின் கணக்கு அது.

லெப்டின்தான் எனக்குப் பிடித்தது. 1994இல் கண்டுபிடித்தார்கள், கொழுப்புச் செல்கள் சுரப்பது, "இருப்பு இவ்வளவு இருக்கிறது" என்று மூளைக்குச் சொல்வது. வயிற்றில் இருக்கும்போது நஞ்சுக்கொடியும் கொஞ்சம் சுரக்கிறது, அதனால் பிறந்த சில நாளிலேயே குழந்தையின் ரத்தத்தில் இது விழுந்துவிடும். கொடி லெப்டின் குழந்தையின் எடையோடு போவதைவிடக் கொழுப்போடு அதிகம் போகும், பெண் குழந்தைக்கு ஆண் குழந்தையைவிடக் கூடுதலாக இருக்கும். இங்கேதான் நம் ஊர்க் குழந்தைகளைப் பற்றி ஒரு விஷயம் வருகிறது. புனேயில் டாக்டர் யாஜ்னிக்கும் அவர் கூட்டாளிகளும் கிராமத்துக் குழந்தைகளை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். இங்கே சராசரி 2.7 கிலோ, அங்கே 3.5. தசையும் வயிற்று உறுப்புகளும் நம் குழந்தைகளுக்கு நன்றாகவே சின்னது, ஆனால் முதுகில் தோலைக் கிள்ளிப் பார்த்து அளந்தால் கொழுப்பு மட்டும் அவ்வளவாகக் குறையவில்லை. பிறகு கொடி ரத்தத்தையும் லண்டன் குழந்தைகளோடு வைத்துப் பார்த்தார்கள்: எடை குறைவாக இருந்தும் லெப்டின் ஏறக்குறைய சமம், இன்சுலினோ நம் குழந்தைகளுக்கு அதிகம். ஒல்லியாகத் தெரியும், உள்ளே கொழுப்புக் குழந்தை. பெரியவர்களான பிறகு ஒல்லியான ஆட்களுக்குக்கூட நம்மூரில் சர்க்கரை வருகிறதே, அதன் முதல் வரி கொடி ரத்தத்திலேயே எழுதியிருக்கிறது என்று அவர்கள் நினைக்கிறார்கள், எனக்கும் அப்படித்தான் படுகிறது.

கார்ட்டிசோல் என்ற அழுத்த ஹார்மோனையும் கொடியில் பார்ப்பார்கள். பிரசவ வலியிலேயே அது ஏறிவிடும் என்பதால் நார்மல் டெலிவரிக்கும் வலி வருவதற்கு முன் செய்த சிசேரியனுக்கும் ஒரே அளவுகோல் வைத்துப் படிக்க முடியாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். தாயின் கார்ட்டிசோல் அப்படியே குழந்தைக்குப் போய்விடாமல் நஞ்சுக்கொடியில் ஒரு நொதி காவல் காக்கிறது, அதைச் செயலிழந்த வடிவமாக மாற்றி அனுப்பும். அதிமதுரத்தில் இருக்கும் கிளிசரைசின் அந்தக் காவல்காரனைத் தூங்க வைக்கக்கூடியது. நாட்டு மருந்துக் கடையில் அதிமதுரம் வாங்கி இருமலுக்கு அடக்கிக்கொள்வது நம் வழக்கம், நானும் செய்வேன், ஆனால் கர்ப்பத்தில் தினம் கஷாயம் வைத்துக் குடிக்க வேண்டாம் என்று எங்கள் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். அடிபோனெக்டின், கிரெலின் என்று இன்னும் சில பெயர்கள் அந்த ஆராய்ச்சிப் படிவத்தில் இருக்கலாம். அவற்றை வைத்து உங்கள் வீட்டில் யாரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை, விட்டுவிடுவோம்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. இதையெல்லாம் அளந்தால் குழந்தை எப்படி வளரும் என்று தெரிந்துவிடுமா? கூட்டமாக ஆயிரம் குழந்தைகளை எடுத்தால் சில போக்குகள் தெரிகின்றன. கொடியில் லெப்டின் குறைவாக இருந்த குழந்தைகள் முதல் மாதங்களில் வேகமாக எடை போடுகிறார்கள், விட்டதைப் பிடிப்பதுபோல. உங்கள் ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு இது இவ்வளவு லெப்டின், ஆகவே ஒரு வயதில் இத்தனை கிலோ என்று யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். கார்த்திகையில் பாலாற்றில் ஓடிய தண்ணீரைப் பார்த்துவிட்டுச் சித்திரையில் கிணற்றில் எத்தனை அடி நிற்கும் என்று சொல்வது மாதிரி இருக்கும். நடுவில் எத்தனை இருக்கிறது! கொடி ரத்தம் நடந்து முடிந்த ஒன்பது மாதத்தின் கணக்கு. அதனால்தான் ஆராய்ச்சிக்காரர்கள் உங்களிடம் ரிசல்ட் தர மாட்டோம் என்று சொன்னது, மறைப்பதற்காக இல்லை.

நீண்ட காலம் பின்தொடர்ந்து பார்த்தால் என்ன தெரியும் என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1969இலிருந்து 1973 வரை வேலூர் நகரிலும் பக்கத்தில் கே.வி.குப்பம் ஒன்றியத்துக் கிராமங்களிலும் பிறந்த குழந்தைகளைச் சிஎம்சி ஆட்கள் பிறப்பு எடை, நீளம் என்று அளந்து குறித்துவைத்தார்கள். அப்புறம் சிறுவயதில் ஒரு தடவை, விடலைப் பருவத்தில் ஒரு தடவை, வளர்ந்து கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்ற வயதில் இன்னொரு தடவை தேடிப் பிடித்து அளந்தார்கள். உங்கள் குடியாத்தத்திலிருந்து வேலூர் வரும் வழியில்தான் கே.வி.குப்பம், பஸ்ஸில் எத்தனை முறை கடந்திருப்பீர்கள். சராசரி 28 வயதில், 2,218 பேரைப் பார்த்தபோது, இவ்வளவு இளம் வயதுக்கு எதிர்பார்க்காத அளவு சர்க்கரைக் கோளாறு இருந்தது, கிராமத்தைவிட நகரத்தில் அதிகம். சிறுவயதுக்கும் பெரியவயதுக்கும் நடுவில் யார் வேகமாக எடை கூட்டிக்கொண்டார்களோ அவர்களுக்கு ஆபத்துக் கூடுதல். பிறப்பு எடைக்கு அப்பால் நடுவில் நடந்ததுதான் பெரிய வேலை பார்த்திருக்கிறது.

இதை வைத்து உங்களுக்கு நான் சொல்வது: 2.4 கிலோ என்பது இரண்டரைக்குக் கீழே, ஆகவே எடை குறைவு என்ற பட்டியலில் வரும், ஆனால் மாதம் நிறைந்த, நன்றாகச் சப்பிக் குடிக்கிற குழந்தைக்கு அது பெரிய கவலை இல்லை. சின்னதாகப் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் எட்டு ஒன்பது பேர் இரண்டு வயதுக்குள் உயரத்தில் மற்றவர்களைப் பிடித்துவிடுகிறார்கள். முதல் நாட்களில் எடை இறங்கும், ஏழு சதவீதம் பத்து சதவீதம்வரை இறங்கலாம், இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்ப வேண்டும், பிறகு ஒரு நாளைக்கு 25, 30 கிராம். ஒரே தராசில், துணியில்லாமல் போட்டுப் பாருங்கள். ஒரு தடவை ஆஸ்பத்திரித் தராசு, அடுத்த தடவை துணை சுகாதார நிலையத் தராசு என்று மாற்றிப் பார்த்துவிட்டு நூறு கிராம் குறைந்துவிட்டது என்று ராத்திரி தூங்காமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும்.

குழந்தை ஒல்லி என்று சேனை வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், சங்கில் கழுதைப்பால், மூன்றாம் மாதமே கஞ்சி, இதெல்லாம் வேண்டாம். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். அண்ணன் குழந்தை அளவுக்குக் கொண்டுவந்து காட்டுகிறேன் பார் என்று போட்டிக்குத் திணித்தால், மேலே சொன்ன புனே கதையில் உள்ளே கொழுப்பு சேர்கிற பாதையைத்தான் நாமே அகலப்படுத்துகிறோம்.

உங்கள் அம்மா கொடி விழுந்ததும் தாயத்தில் அடைக்க வேண்டும் என்கிறார்களாம், அதில் ஸ்டெம்செல் இருக்கிறது, முன்னோர்கள் அன்றே கண்டுபிடித்தார்கள் என்று வாட்ஸ்அப்பில் வேறு வந்ததாம். காய்ந்து சருகான கொடியில் உயிருள்ள செல் ஒன்றுகூட இருக்காது, திரவ நைட்ரஜனில் வைத்தால்தான் செல் பிழைக்கும், வெள்ளித் தாயத்தில் இல்லை. ஆனால் அம்மா ஆசைப்பட்டால் அடைக்கட்டும், சண்டை போடாதீர்கள், இடுப்பில் கட்டாமல் பீரோவில் வைக்கச் சொல்லுங்கள். விழுகிறவரை தொப்புளில் சாம்பல், மஞ்சள், எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம், ஈரமில்லாமல் இருந்தால் தானாகவே விழும்.

கடைசியாக, எல்லோரும் கொண்டாடுகிற அந்த 3.4 கிலோ பையனைப் பற்றி. அது நல்ல எடைதான், கண் வைக்கவில்லை! ஆனால் உங்கள் அண்ணி கர்ப்பத்தில் அந்தக் குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்த்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள், பார்க்காமல் விட்டிருந்தால் இப்போதாவது சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளட்டும். உங்கள் மனைவிக்கு இது கட்டாயம். பிரசவம் ஆனதும் சர்க்கரை இறங்கிவிடும், எல்லோரும் மறந்துவிடுவார்கள், சில வருஷம் கழித்து நிரந்தரமாக வந்து உட்காரும். ஆறு வாரம் கழித்துக் குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போவீர்களே, அன்றைக்கே வெறும் வயிற்றோடு அவரையும் கூட்டிக்கொண்டு போய் 75 கிராம் குளுக்கோஸ் டெஸ்டை மறுபடி செய்துவிடுங்கள். நாளைக்குத் தைராய்டு ரத்தம் எடுத்து ரிசல்ட் வந்ததும் டிஎஸ்எச், டி4 இரண்டு எண்ணையும், எத்தனையாவது நாள் எடுத்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.